கர்த்தர் வீட்டு கேஸ் பில்

உலகின் முதல் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் ஆதாமுக்குத்தான் போனது. வேலை: ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்துவது, காப்பது. சம்பளம், டி.ஏ. பற்றி ஆதியாகமத்தில் தகவல் இல்லை. அந்த ஆர்டர் இன்னும் அமலில் இருக்கிறது என்கிறது இங்கிலாந்து திருச்சபை.

2020 பிப்ரவரியில் அதன் பொதுச்சபை கூடியது. சர்ச்சுகள் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவின் நிகரக் கணக்கை 2045-க்குள் பூஜ்யமாக்கலாம் என்று தீர்மானம் வந்தது. விவாதத்தில் ஒரு திருத்தம்: 2045 வேண்டாம், 2030. நிறைவேற்றியும் விட்டார்கள். கமிட்டி கூடி, கெடுவை முன்னால் தள்ளி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா சார்? நம் ஆபீஸில் வாட்டர் கூலர் ரிப்பேரே அடுத்த நிதியாண்டுக்குப் போகும்.

சொல்லியாச்சு. செய்யணுமே? கையில் சுமார் 16,000 சர்ச்சுகள். பலவற்றுக்கு வயது எழுநூறு, எண்ணூறு. கல் சுவர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் கூரை. இங்கே எரிபொருளைத் தின்பது விளக்கு அல்ல, ஹீட்டர். ஒரு மணி நேர ஆராதனைக்குப் பல மணி நேரம் முன்பே பாய்லரைப் போடுவார்கள். சூடான காற்று நேரே மேலே போய்க் கூரையடியில் உட்கார்ந்துகொள்ளும். கீழே இருபது முப்பது தாத்தா பாட்டிகள் ஓவர்கோட்டுக்குள் நடுங்குவார்கள். ஆக மொத்த பில்லும் வௌவால்களின் சௌகரியத்துக்கு!

2022-ல் உக்ரைன் யுத்தத்தால் கேஸ் விலை எகிறியபோது இது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஹீட்டரைப் போட்டால் உண்டியல் காலி. போடாவிட்டால் பாட்டி வரமாட்டாள். பாட்டி வராத சர்ச்சை எத்தனை நாள் திறந்து வைக்க முடியும்?

வழி ஸிம்பிள். கட்டடத்தைச் சூடாக்காதே, ஆளைச் சூடாக்கு. பெஞ்சுக்கு அடியில் சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டர், சூடாகும் குஷன். ஜனங்கள் இருக்கும்வரை போட்டால் போதும். மண்டபம் பூரா ஏ.சி. போடாமல், வேர்க்கிற மாப்பிள்ளை பக்கத்தில் டேபிள் ஃபேன் வைக்கிறோமே, அதே டெக்னிக். கடுங்குளிர் மாதங்களில் பக்கத்து சின்ன அறையிலேயே ஆராதனையை வைத்துக்கொள்ளும் சபைகளும் உண்டு.

திருச்சபையின் யோசனைப் பட்டியலில் முதலில் வருவது சோலார் பேனல் அல்ல. கூரைத் தண்ணீர் இறங்கும் வழியில் அடைத்திருக்கும் இலையை எடு என்பதுதான்! சுவர் ஊறினால் சூடு தங்காது. அப்புறம் கதவிடுக்கை அடை, பல்பை எல்.இ.டி.க்கு மாற்று. படைப்பைக் காக்கும் மகத்தான பணி, ஏணியில் ஏறிச் சருகு பொறுக்குவதில் ஆரம்பிக்கிறது.

சோலாரும் உண்டு. 1089-ல் கட்ட ஆரம்பித்த குளோஸ்டர் கதீட்ரலின் கூரையில் 2016-ல் 150 பேனல்கள் ஏறின. ஒரே சிக்கல்: வெயில் அடிப்பது கோடையில், நடுங்குவது குளிர்காலத்தில். எனவே பேனல் வைத்ததோடு பாவமன்னிப்பு கிடைத்துவிடாது.

பாத் நகரத்து அபே சர்ச்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். பக்கத்திலேயே ரோமானியக் குளியலறை. அங்கே தினம் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர், 46 டிகிரியில் ஊற்றெடுக்கிறது. ரோமானியர் கட்டிய கால்வாய் வழியே அது சும்மா ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021-ல் அந்தச் சூட்டைப் பிடித்து சர்ச்சின் தரைக்கு அடியில் அனுப்பிவிட்டார்கள். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களை ரோமானியர்கள் படுத்திய பாட்டுக்கு, லேட்டானாலும் நல்ல பிராயச்சித்தம்.

வெந்நீர் ஊற்று எல்லோருக்கும் வாய்க்காது. ஸ்விட்ச் வாய்த்திருக்கிறது. லஞ்ச் டயத்தில் உங்கள் காலி நாற்காலிக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்குமே, அதுவும் வௌவால் கேஸ்தான். எழுந்து போய் அணைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறங்கள்.