யார் கைக்கு இந்த மண்வெட்டி?

(இளம் அறிவியல் தாவரவியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

கல்லூரி மலருக்கு எழுதுகிறவர்கள் காதலைப் பற்றி எழுதுவார்கள். நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி எழுதுவார்கள். நானோ மண்வெட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நகைக்க விரும்பும் நண்பர்கள் இப்போதே நகைத்துவிட்டு மேலே படிக்கலாம்.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் விடுதிக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். விழாவுக்கு வந்த விருந்தினர் ஒரு வெண்டை விதையை ஊன்றினார், நாம் கைதட்டினோம். புரட்டாசி பிறந்தபோது அங்கே கோரையும் அருகும் கொடிகட்டிப் பறந்தன. பிழைத்த வெண்டைச் செடிகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. "இக்கால மாணவர்களுக்கு உடல் வணங்காது, அதிலும் பெண் பிள்ளைகள் மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்ததோடு சரி" என்று தீர்ப்பும் வழங்கப்பட்டது. மேல்முறையீடு செய்ய அன்று எவரும் முன்வரவில்லை. இரண்டாண்டுகள் கழித்து இப்போது நான் செய்கிறேன்.

தோற்றது எங்கள் உடல் அன்று; எங்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவி என்பதே என் வாதம்.

அந்த ஆண்டு இருபது மண்வெட்டிகள் வந்து இறங்கின. இருபதும் ஒரே அச்சு. ஆறடி உயர மாணவனுக்கும் அதுதான், ஐந்தடியைத் தொடாத எனக்கும் அதுதான். கணைகளுக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணம் பூசிய கணையை வாங்கவே கூடாது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். மரத்தின் கணுவும் வெடிப்பும் அதற்குள் மறைந்துவிடும். கணு இருக்கும் இடத்தில்தான் கணை ஒடியும். நார் நுனி முதல் அடி வரை நேராக ஓடியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்தவை சரியாக உலராத மரம். பத்து நாள் வெயிலில் மரம் சுருங்கியது. தலை ஆடத் தொடங்கியது. ஆப்பு அடிக்கத் தெரியாத நாங்கள் தாளை மடித்துச் செருகினோம். ஒரு நாள் ஓங்கிய வேகத்தில் ஒரு தலை கழன்று பறந்து, வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. அங்கே அப்போது ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எங்கள் நல்வினை. மறுநாள் முதல் மாணவியருக்கு நீர் ஊற்றும் வேலை மட்டும் தரப்பட்டது.

எடையையும் பாருங்கள். விடுதிச் சரக்கறைத் தராசில் ஒன்றை நிறுத்தேன். கணையோடு சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை ஓங்கினால் அரைமணி நேரத்தில் 360 முறை. அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தோள் தூக்கி இறக்குகிறது! எங்கள் வீட்டு மண்வெட்டி இரண்டு கிலோ. அதே 360 முறைக்கு 720 கிலோதான். பயிர் வயலில் வரப்பு வெட்டப் பெரிய மண்வெட்டி வேண்டியதுதான். ஆனால் நான்கடி அகலப் பாத்தியில் வெண்டைக்கு மண் அணைக்க அது எதற்கு?

எங்கள் அப்பத்தா கூலிக்குக் களையெடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "மம்பட்டிய நட்டக்க நிறுத்தினா கணை இடுப்புக்கு வரணும். பிடிச்சா பெருவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாம இருக்கணும். அதுக்கு மேல தடியா இருந்தா கை காய்க்கும், சின்னதா இருந்தா வழுக்கும்" என்றார். இதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. தகட்டைக் கல்லால் தட்டிப் பார்க்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஓசை அமுங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. தகடு கணையை நோக்கி உள்வாங்கி வளைந்திருந்தால் மண்ணை இழுக்க எளிது. விலகி நின்றால் வெட்ட எளிது. கடையில் நின்று இதையெல்லாம் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பட்டியலைக் கொடுத்து இருபது உருப்படி வாங்கும்போது அந்த ஐந்து நிமிடத்துக்கு இடமில்லை.

2024 ஆடியில், துறைத் தலைவரின் இசைவு பெற்று, இருபதில் நான்கை மட்டும் எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறைக்குப் பேருந்தில் கொண்டுபோனேன். நடத்துநர் முறைத்ததை இங்கே விவரிக்கவேண்டாம். பட்டறைக்காரர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "யாரு கைக்கும்மா இது?" என்பதுதான். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. என் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து இரண்டுக்குக் கணையைக் குறைத்தார். உலர்ந்த கருவேலங் கணையைச் செதுக்கி, ஆப்பு வைத்து இறுக்கினார். கட்டட இடிபாட்டுச் செங்கல்லில் அடித்து வாய் மழுங்கிப் பல்பல்லாய்ப் போயிருந்த தகடுகளைக் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் கொடுத்தார். செங்கல் புதைந்த நிலத்தில் முதலில் கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பொறுக்கிய பிறகுதான் மண்வெட்டி இறங்கவேண்டும் என்று கண்டிக்கவும் செய்தார். அதையும் நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

மண்வெட்டியை விட எனக்கு உயிரான கருவி களைக்கொத்து. ஒரு சாண் பிடி, நாலு விரல் அகலத் தகடு, அவ்வளவே. பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் 'துளர்' என்ற சொல்லுக்குக் களைக்கொட்டு என்று உரைகாரர்கள் பொருள் எழுதியிருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டபோது, அப்பத்தாவின் இடுப்பில் செருகியிருந்த இரும்புத்துண்டு எத்தனை பழமையானது என்று வியந்தேன். முதலாண்டு வாங்கிய பட்டியலில் அது ஒன்றுகூட இல்லை! களையை மண்வெட்டியால் செதுக்கினோம். செடியும் சேர்ந்து போயிற்று.

களைக்கொத்து கூர்மையாக இருந்தால் ஓங்க வேண்டியதில்லை. மண்ணின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே சீவினாற்போல் இழுத்தால் போதும். களை இரண்டு இலை, நான்கு இலையாக இருக்கும்போதே, காலை வெயில் ஏறும் நேரத்தில் செய்தால், அறுந்தது நண்பகலுக்குள் வாடிவிடும். மாலையில் செய்து ஈரத்தில் போட்டால் பல களைகள் மறுபடி வேர்விடும். கோரைக்கு மட்டும் இந்த நயம் பலிக்காது. அதன் கிழங்கு கீழே இருக்கிறது. மேலே அறுப்பது அதற்கு முடிவெட்டிவிடுவது போலத்தான். ஆழமாகக் கொத்திக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். விட்டது மறுபடி முளைக்கும், மறுபடி பொறுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தை விழுங்கிய கோரையை நாங்கள் ஒரு மாதம் கையால் பிடுங்கி, புல்லைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே வளர்த்துக்கொண்டிருந்தோம்.

நீர் ஊற்றும் வேலை எளிது என்றுதானே எங்களிடம் தந்தார்கள்? கீரை விதை மணலைவிடச் சற்றுப் பெரிது. அதன்மேல் ரப்பர் குழாயால் பீய்ச்சினோம். விதையெல்லாம் பாத்தியின் தென்மூலைக்கு அடித்துக்கொண்டு போயிற்று. அங்கே மட்டும் கீரைக்காடு, மற்ற இடம் பொட்டல். ஒரு பூவாளி வாங்கி, அதன் துளைமுகத்தை மேல்நோக்கித் திருப்பி ஊற்றியிருந்தால் தூறல்போல் விழுந்திருக்கும். பெட்டிக்குள் அழகாக அடுக்கி வந்த சிறு மண்கரண்டி, சிறு முள்கரண்டி முதலியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் கல்லிலேயே வளைந்தன.

"உழவு இயந்திரம் ஓடும் காலத்தில் களைக்கொத்துக்கு வக்காலத்தா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தால் நானும் இயந்திரத்தின் பக்கமே. நம்மிடம் இருப்பது பன்னிரண்டு பாத்திகள். வேறு சிலர், கல்லூரிக் கொள்முதலுக்கு ஒரே அளவும் ஒரே விலையும் இருந்தால்தான் கணக்கு எளிது என்கிறார்கள். அந்தச் சங்கடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபதுக்குப் பதில் எட்டு வாங்கலாமே! பெரியது இரண்டு, நடுத்தரம் மூன்று, சிறியது மூன்று என்று பட்டியலில் மூன்று வரி எழுதுவதற்குத் தணிக்கையாளர் தடை சொல்வாரா? மிஞ்சும் பணத்தில் பத்துக் களைக்கொத்து, இரண்டு கடப்பாரை, இரண்டு பூவாளி, ஓர் அரம் வாங்கலாம். அரம் கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை, பட்டறையில் வைத்த சரிவு கெடாமல் நாலு இழுப்பு இழுத்தால் போதும். மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது இரண்டு நிமிட வேலை.

பட்டறைக்குப் போய்வந்த அந்த நான்கு மண்வெட்டிகளையும், அப்பத்தா கொடுத்த இரண்டு களைக்கொத்தையும் கொண்டு, 2024-இல் நாங்கள் ஏழு மாணவியர் நான்கு பாத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதலாண்டு 'தொட்டுப் பார்த்ததோடு சரி' என்று பெயர் வாங்கிய அதே ஏழுபேர். ஐப்பசிக்குள் ஐந்து முறை விடுதிச் சமையலறைக்கு வெண்டைக்காய் போயிற்று. சாம்பாரில் அதைக் கண்டவர்கள் சாட்சி. அவ்வாண்டு மழையும் கைகொடுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பக்கத்துப் பாத்திகளிலும் அதே மழைதான் பெய்தது. பச்சைக் கணை மண்வெட்டிகள் அங்கே அதே சுவரில் சாய்ந்து நின்றன.

வரும் சித்திரையோடு நாங்கள் ஏழுபேரும் கல்லூரியை விட்டுப் போகிறோம். மீதிப் பதினாறு மண்வெட்டிகளும் இன்னும் சரக்கறையில் கிடக்கின்றன. அடுத்த ஆடிக்கு முன் அவற்றைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று முதல்வர் ஐயா அவர்களிடம் மனு கொடுத்திருக்கிறோம். அனுப்பும்போது அவற்றைப் பிடிக்கப்போகும் முதலாண்டு மாணவ மாணவியரில் நாலுபேரையாவது உடன் அனுப்புங்கள். பட்டறைக்காரர் அளவு கேட்பார். களைக்கொத்து இரண்டும் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் பின்கதவு ஆணியில் தொங்குகின்றன. அப்பத்தா திருப்பிக் கேட்கவில்லை.