பெயரில்லாத தாளங்கள்: கேரளப் பள்ளிக் கலைவிழாவின் மறக்கப்பட்ட கொட்டுகாரர்கள்

கேரளத்தின் பண்பாட்டு வரலாற்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திற்குத் தனி இடம் உண்டு. 1958இல் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற மாநிலப் பள்ளி இளைஞர் விழாவில் எடுக்கப்பட்டது அது. மாணவர் ஒருவர் பாடுகிறார். அருகில் அமர்ந்து மற்றொரு மாணவர் மிருதங்கம் வாசிக்கிறார். பாடுபவர் கே. ஜே. யேசுதாஸ். அவ்வாண்டு செவ்வியல் இசைப் பாட்டில் முதற்பரிசு பெற்றவர். வாசிப்பவர் இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து வந்து மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்ற பி. ஜெயச்சந்திரன்.

அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 4 முதல் 8 வரை அதே நகரில் 63ஆம் கலைவிழா நடைபெற்றது. விழா நிறைவுற்ற மறுநாள் ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார். அஞ்சலிகளுடன் அந்தப் புகைப்படமும் பரவலாகப் பகிரப்பட்டது. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் வழியாக அவர் குரலை அறிந்த தமிழர்களும் அதைப் பகிர்ந்தனர். ஆயினும் அந்தப் படம் நினைக்கப்பட்டதற்குக் காரணம் மிருதங்கம் அன்று. அச்சிறுவன் பின்னாளில் பாடகனானான் என்பதே காரணம். அவன் மிருதங்கக் கலைஞனாகவே வாழ்ந்திருந்தால் அந்தப் படம் இன்று யாருடைய கையிலும் இருந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

இந்த ஐயம் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய இவ்விழாவின் பொது நினைவு, தனிநபர்களின் பெயர்ப்பட்டியலாகவே கட்டமைக்கப்பட்டுள்ளது. 1986இல் ‘கலாபிரதிபா’ பட்டம் பெற்ற வினீத், ‘கலாதிலகம்’ பட்டம் பெற்ற மஞ்சு வாரியர் போன்றோரின் திரைவாழ்வு, விழாவின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. போட்டிவெறியைத் தணிக்கும் நோக்கில் 2006 முதல் அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. நினைவின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. செண்டைமேளம், பஞ்சவாத்தியம், பேண்டு மேளம் ஆகிய குழுப் போட்டிகளில் பங்கேற்றோர் அந்த நினைவில் இடம்பெறுவதில்லை. அவர்கள் ஈட்டும் புள்ளிகள் மாவட்டத்தின் கணக்கில் சேர்கின்றன. மாவட்டம் தங்கக்கோப்பையை ஏந்துகிறது. கொட்டிய கைகளுக்குப் பெயர் எஞ்சுவதில்லை.

இது வெறும் பாராட்டுக் குறைபாடு என்று ஒதுக்கத்தக்கதன்று. கேரளச் சமூக வரலாற்றின் முக்கியமான மாற்றம் ஒன்று இக்குழுக்களின் வழியாகவே நிகழ்ந்தது. செண்டை நெடுங்காலமாகக் கோயில் மதிலுக்குள் ஒலித்த கருவி. அதை வாசிக்கும் உரிமையும் கடமையும் பெரிதும் மாரார் முதலிய கோயில்சார் குடிகளுக்கு உரியவை. பயிற்சி குடும்பத்திற்குள் கைமாறியது. பள்ளி மேடை அந்தக் கருவியைப் போட்டியின் பொருட்டு வெளியே கொண்டுவந்தது. வகுப்பறையில் அருகருகே அமர்ந்த மாணவர்கள், பிறப்பு எதுவாயினும், ஒரே வரிசையில் செண்டையைத் தோளில் தாங்கி நிற்க முடிந்தது. பிற்காலத்தில் மாணவிகளும் அவ்வரிசையில் சேர்ந்தனர். எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில், எந்த எதிர்ப்பைக் கடந்து இது நிகழ்ந்தது என்பதைச் சொல்லத்தக்கவர்கள் அன்று வாசித்தவர்களே. விழாவின் தொடக்கப் பத்தாண்டுகளில் மேடையேறியோரில் எஞ்சியிருப்பவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர்.

மேடை கருவியைப் பலருக்குத் திறந்துவிட்டது; அதே வேளையில் கலையின் வடிவத்தைச் சுருக்கவும் செய்தது. பஞ்சாரி மேளம் 96 அட்சரக் காலத்தில் தொடங்கி 48, 24, 12 எனப் பாதிபாதியாகக் குறைந்து 6இல் முடிவது. முதற்காலத்தின் நிதானமே அதன் உயிர். கேட்பவரின் மூச்சு அந்த நிதானத்துக்கு இணங்கிய பின்னரே வேகத்துக்குப் பொருள் பிறக்கிறது. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்ஞித்தறை மேளம் இரண்டு மணி நேரத்தைக் கடந்து நீள்கிறது. பள்ளி மேடையிலோ நிமிடக் கணக்குக்குள் அனைத்தும் அடங்க வேண்டும். எந்தக் காலத்தைக் குறைப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்தவர்கள் பயிற்றுவித்த ஆசான்கள். ஒரு மரபுக்கலை நவீன நிறுவனத்துக்குள் நுழையும்போது என்ன நேர்கிறது என்ற ஆய்வுக் கேள்விக்கு அவர்களுடைய முடிவுகளே முதன்மைச் சான்று. அவை எங்கும் எழுதப்படவில்லை.

பேண்டு மேளத்தின் கதை வேறு. அதன் வேர் கோயிலில் அன்று, படைமுகாமில் உள்ளது. பக்க முரசு, பெருமுரசு, எக்காளம், சீருடை, அணிநடை ஆகிய அனைத்தும் காலனியப் படையணி வழியாகத் திருவிதாங்கூருக்கு வந்தவை. இன்றும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் தெய்வ ஊர்வலத்தை இரு மாநிலக் காவல்துறையும் களியக்காவிளை எல்லையில் அணிவகுத்து மரியாதை செலுத்தி வரவேற்பதைக் காணலாம். படைமரபும் கோயில்மரபும் இந்நகரில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பதற்கு அது சான்று. ஆனால் பேண்டுக்குக் கருவிகளும் சீருடையும் வாங்கப் பணம் வேண்டும். வசதியுள்ள பள்ளிகள் ஆண்டுதோறும் களமிறங்குவதும், ஏனைய பள்ளிகள் பார்வையாளராகவே நின்றுவிடுவதும் இதன் விளைவு. யார் வாசித்தார்கள் என்பதைப் போலவே யாரால் வாசிக்க இயலவில்லை என்பதும் பதிவுக்குரியது.

அமெரிக்காவில் இதையொத்த மரபு ஒன்று வேறு கதியைப் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் இளைஞர் முரசு-எக்காள அணிகள் அங்கே பெருகின. 1972இல் அவற்றுக்கென டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற பொது அமைப்பு எழுந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் அவ்வாண்டு நடந்த முதல் இறுதிப்போட்டியில் அனாஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. பின்னர் நூற்றுக்கணக்கான அணிகள் கலைந்துபோயின. எனினும் ஒலித்தட்டுகள், மதிப்பெண் தாள்கள், முன்னாள் உறுப்பினர்களின் நினைவுரைகள் ஆகியவற்றால் அவ்வணிகளின் வரலாறு நிலைத்தது. அங்கே நினைவின் அலகு அணி. தனியொருவர் புகழ்பெற்றால்தான் அணி நினைக்கப்படும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

கடந்தகாலத்தை ஏக்கத்துடன் திரும்பிப் பார்ப்பது ஆய்வாகாது என்ற மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ‘அந்தக் காலத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தது’ என்ற பேச்சு, விழாவை நிழல்போல் தொடரும் நடுவர் சர்ச்சைகளையும் மேல்முறையீடுகளையும் மூடிமறைக்கிறது. அதைவிடப் பெரிய மறைப்பும் ஒன்றுண்டு. 2025 விழாவில்தான் மங்கலம்களி, பணியநிருத்தம், இருளநிருத்தம், பளியநிருத்தம், மலைப்புலையாட்டம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றன. பணியரின் துடியும், மறையூர்ப் பகுதி மலைப்புலையரின் உறுமியும் பள்ளிக் கலைவிழா மேடையைப் போட்டிக் கருவிகளாக அடைய 68 ஆண்டுகள் ஆயின. எந்த முரசு ‘கலை’, எந்த முரசு ‘வழக்கம்’ என்று பிரித்த பட்டியல் ஒருபோதும் நடுநிலையானதாக இருந்ததில்லை. நினைவுகூர்தல் இந்தக் கேள்வியையும் உடன் எழுப்புமானால் அது ஏக்கமாகச் சுருங்காது, வரலாறாகும்.

செய்ய வேண்டியது அரிய காரியமன்று. அண்மைக்கால விழாக்களைக் கைட் விக்டர்ஸ் அலைவரிசை ஒளிபரப்புகிறது. எதிர்காலத்துக்கு ஓரளவு சான்று இருக்கும். முந்தைய பத்தாண்டுகளுக்கே ஆபத்து. திருவனந்தபுரத்தின் பல்கலைக்கழகத் துறைகள், இசை, வரலாறு, சமூகவியல் மாணவர்கள் ஆகியோர் ஒரு கல்வியாண்டை இதற்கென ஒதுக்கலாம். பழைய குழுப்படங்களைத் திரட்டி, அதில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் இசைவோடு கேட்டுக் குறிக்கலாம். ஆசான்கள் சுருக்கி அமைத்த மேளங்களை அவர்களைக் கொண்டே மீண்டும் கொட்டச் செய்து ஒலிப்பதிவு செய்யலாம். பதிவுகளை மாநில ஆவணக் காப்பகத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கலாம்.

1958ஆம் ஆண்டுப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை நாடு அறியும். பள்ளிகளின் சுவர்களில் மங்கிக்கொண்டிருக்கும் குழுப்படங்களில் செண்டையோடும் முரசோடும் நிற்பவர்களைக் கேட்டறிய, அவர்களுள் ஒருவரேனும் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கான காலம் இன்னும் சில ஆண்டுகள்தான்.