காந்த சிகிச்சையும் மெய்ச்சோதனையும்

அடையாற்றின் முகத்துவாரத்தருகே ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உளது. மாலையில் எலியட்ஸ் கடற்கரைக்குச் செல்லும் நம் மாணவரிற் பலர் அதனைக் கண்டிருப்பர்; அப்பெயரின் வரலாற்றை உசாவியவர் சிலரே. பிரமஞான சபையின் முதல் தலைவரான கர்னல் ஒல்காட், 1882-ஆம் ஆண்டில் இலங்கைக் காலி நகரில் பக்கவாதமுற்ற ஒருவரைக் கையசைவுகளாற் குணப்படுத்தியதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அது கேட்டு நோயாளர் திரள் திரளாய் வந்தனராம். அம்முறைக்கு அக்காலத்தார் இட்ட பெயர் உடற்காந்தம் என்பது. 1894-இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகட்கென இலவசப் பாடசாலை கண்டவரும் அவரே. அக்கொடையில் எமக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் காந்தத்தைப் பற்றியதே.

அவ்வையம் புதியதன்று. மெஸ்மர் என்பார் பாரிஸ் நகரில் உடற்காந்தத்தைப் பரப்பியபோது, பிரெஞ்சு அரசர் 1784-இல் அறிஞர் குழுவொன்றை நியமித்தார். பெஞ்சமின் பிராங்கிளின் தோட்டத்து மரங்களுள் ஒன்றற்கு மட்டும் 'காந்தம்' ஏற்றி, கண் கட்டிய சிறுவன் ஒருவனை மரந்தோறும் நடத்தினர். அவனோ காந்தம் ஏற்றாத மரத்தடியில் மூர்ச்சித்து வீழ்ந்தான்! நம்பிக்கை மாத்திரமே உடலை அசைக்க வல்லதென்பது அன்றே புலனாயிற்று.

இன்றைய காந்தம் வேறு. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டுமென்று பாரடே 1831-இல் கண்டது நம் பௌதிக வகுப்பிற் கற்பதே. அவ்விதி கொண்டு ஷெபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் துணைவரும் 1985-இல் ஒருவர் தலைமேற் கம்பிச்சுருள் வைத்துக் கணநேர மின்னோட்டம் செலுத்த, மண்டையோட்டைத் திறவாமலே அவர் கைத்தசை துடித்தது. எம்.ஆர்.ஐ. படத்தைத் துணைக்கொண்டு சுருளை உரிய இடத்தில் வைக்கவும் இப்போது இயலும். மனச்சோர்வு நோய்க்கு இம்முறையை அமெரிக்க அரசு 2008-இல் அனுமதித்தது.

ஆயின் துடித்த தசை வேறு, குணமான கை வேறு. பக்கவாதத்தாற் கை தளர்ந்த 199 பேரை அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டனர். ஒரு சாரார்க்கு மெய்ச்சுருள், மற்றையோர்க்குப் போலிச்சுருள், கைப்பயிற்சியோ இரு சாரார்க்கும் உண்டு. ஆறு திங்கள் கழித்து, மெய்ச்சுருள் பெற்றோருள் நூற்றுக்கு 67 பேரும், போலிச்சுருள் பெற்றோருள் 65 பேரும் தக்க முன்னேற்றம் எய்தியிருந்தனர். போலிச்சுருள் இல்லாதிருப்பின், பெருமை முழுவதும் காந்தத்திற்கே சென்றிருக்கும் அன்றோ?

இதனால் ஆராய்ச்சியைக் கைவிடுக என்று யாம் சொல்லோம். கூடாதென்று காட்டிய அம்முடிவை மறையாது வெளியிட்டதே அவ்வாய்வாளர்க்குப் புகழ். வேறு இடம், வேறு வேகம், வேறு காலம் என இன்னும் ஆராய வேண்டுவன பல. யாம் வெறுப்பது, படக்கருவியின் வண்ணப்படத்தைக் காட்டி, முடிவுறாத சோதனையை முடிந்த சிகிச்சையென விற்கும் விளம்பரத்தையே.

வலை பின்னும் கை தளர்ந்த மீனவர்க்கு அவ்விளம்பரம் எவ்வளவு இனிக்கும்! அவரை ஆய்விற்கு அழைப்போர், போலிச்சுருளும் கிடைக்கலாமென்பதையும், அரிதாய் வலிப்பு நேரலாமென்பதையும், தலையில் உலோகம் பதித்தோர்க்கு இஃது ஆகாதென்பதையும் அவர் பேசும் தமிழிலேயே சொல்லுக. இந்தியாவில் 2007-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அவ்வாய்வு பதிவாகியுளதா என நம் மாணவர் பார்த்துச் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டா. ஆய்வு முடிந்தபின், அவர்க்கு வைத்தது எச்சுருள், விளைந்தது யாது என்பவற்றைக் குப்பத்திற்கே சென்று அறிவித்தலும் ஆய்வாளர் கடன்.

அதுவரை அவர் கை காத்திருத்தல் ஆகாது. இரு சாராரும் செய்த அக்கைப்பயிற்சியை வாரம் இருமுறை குப்பத்திற்குச் சென்று கற்பிக்க, இயன்முறை மருத்துவராயுள்ள நம் பழைய மாணவருள் எவரேனும் முன்வருவராயின், எமக்கு ஒரு கடிதம் எழுதுக.