‘ஆளில்லாத கடற்கரை’ எண்டு இனி எழுதாதேங்கோ

நாயாற்றில் தனியாகக் கூடாரமடித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பும்போது எங்களில் பலர் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால் கரைகளில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். பத்து நிமிசம், நாலு படம். கீழே எழுதுவது: ‘ஆளில்லாத அழகிய கடற்கரை’. ஏன் ஆளில்லை எண்டு எப்பவாவது கேட்டமா? 2004இல் கடல் கொண்டுபோன சனம் எத்தனை, 2009இல் போர் கொண்டுபோன சனம் எத்தனை! மிஞ்சினவை இப்பவும் வாடிகளில் வலை பொத்திக்கொண்டு இருக்கினம். நாங்கள்தான் அவையை விலத்திப் படமெடுக்கிறம். இனி நிறுத்தினால், கமராவை எடுக்க முதல் ஹெல்மெட்டைக் கழட்டுவம். வாடியில இருக்கிற அம்மாவோட கதைப்பம், கேட்டுப் படமெடுப்பம், அவவிட்டயே கருவாடு வாங்கிக்கொண்டு போவம். அதுக்கு நேரமில்லையெண்டால் நிறுத்தாமலே போவம்.