எங்க ஆயா பேர் எந்தப் பத்திரத்திலயும் இல்லை

போன ஞாயித்துக்கிழமை அண்ணா நகர்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. மாசத்துக்கு ஒருவாட்டி கீரை வாங்க வருவாங்க. நல்ல மனுஷங்க. கிணத்து மேட்டுல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே அந்தம்மா கேட்டாங்க: "அண்ணே, உங்க பாட்டி எண்பது வயசுக்கு மேல திடமா இருந்தாங்களாமே, என்ன சாப்பிட்டாங்க? அந்த ரகசியத்தைச் சொல்லுங்களேன், எழுதிக்கிறேன்." செல்போனைத் திறந்து தயாரா வச்சிக்கிட்டாங்க.

அன்னைக்கு ஏதோ முடக்கத்தான், கேழ்வரகுன்னு சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. நான் சொன்னது பொய்யில்லை, ஆனா அது ஆயாவோட கதையும் இல்லை. நகரத்து நண்பர்கள் கோவிச்சிக்கிட்டாலும் பரவாயில்லைன்னு இதை எழுதுறேன்.

எங்க ஊர் பருத்திப்பட்டுக்கு மேற்கே, கூவம் ஆத்தோரம். கூவம்னு சொன்னாலே நீங்க மூக்கைப் பிடிப்பீங்க. எங்க ஆயா அந்த ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, தேங்காச் சிரட்டையால மொண்டு, குடிக்கத் தண்ணி கொண்டாரும். நானே கூடப் போயிருக்கேன்.

ஆயா சாமர்த்தியசாலி, அதுல சந்தேகமே வேணாம். 1955 ஜனவரியில ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு. நேரு வந்தார், காமராஜர் முன்னால நின்னு நடத்தினார். சோஷலிச பாணி சமுதாயம் அமைக்கப் போறோம்னு அங்கதான் தீர்மானம் போட்டாங்க. ஆயா அந்த மாநாட்டுக்கு ரெண்டு கூடை பனங்கிழங்கு அவிச்சி எடுத்துக்கிட்டுப் போச்சாம். தை மாசம், கிழங்கு சீசன். ரெண்டு கூடையும் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துபோச்சு. நேரு என்ன பேசினார்னு கேட்டா ஆயாவுக்குத் தெரியாது. மாநாடு முடிஞ்சி பந்தலைப் பிரிக்கும்போது கீத்தும் மூங்கிலும் சல்லிசா விப்பாங்கன்னு மட்டும் தெரியும். மூணாம் நாள் தாத்தாவை வண்டி கட்டச் சொல்லி, கிழங்கு வித்த காசுல ஒரு வண்டி கீத்து வாங்கிக்கிட்டு வந்து மாட்டுக்கொட்டாய் வேஞ்சிடுச்சு. சோஷலிசத்துல எங்க குடும்பத்துக்குக் கிடைச்ச பங்கு அந்தக் கூரைதான்னு நைனா சொல்லிச் சிரிப்பார்.

(இடையில ஒண்ணு. ஆவடிங்கிறது டாங்கித் தொழிற்சாலையோட இங்கிலீஷ் பேரைச் சுருக்கி வந்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஃபேக்டரி வந்தது 1961-ல. மாநாடு நடந்தது அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. ஊரோட பேரைக்கூட எங்ககிட்ட விட்டு வைக்க மாட்டேங்கிறாங்க.)

ஃபேக்டரி வந்ததுல ஆயாவுக்கு வருத்தமெல்லாம் இல்லை. குவார்ட்டர்ஸ் கட்டினதும் அங்க பால் ஊத்த ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு எருமை நாலாச்சு. கணக்கெல்லாம் சுவத்துலதான். வீட்டுக்கு ஒரு வரிசை, படிக்கு ஒரு சாணிப் பொட்டு. எழுத்து வாசனை கிடையாது, ஆனா அந்தச் சுவத்துக் கணக்குல ஒருத்தரும் ஆயாவை ஏமாத்தினதில்லை. பால் காசைச் சீட்டு கட்டி, சீட்டை எடுத்து, 1964 வாக்குல 40 சென்ட் நஞ்சை வாங்கிச்சு. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகமும் விளையற மண்ணு, மதகுக்குப் பக்கத்துலயே.

பத்திரம் தாத்தா பேர்ல.

ஏன்னு யாரும் கேக்கலை, ஆயாவும் கேக்கலை. 1956-லயே இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தாச்சு. பொம்பளை தன் காசுல வாங்கின சொத்து அவளுக்கே முழு உரிமைன்னு சட்டம் தெளிவா இருந்துச்சு. ஆனா சட்டம் டில்லியில, பத்திரம் எழுதுறவர் திண்ணை இங்க.

இப்ப அந்த "ரகசியத்துக்கு" வர்றேன். நாலு எருமை எங்க மேஞ்சிது? மேய்க்கால் புறம்போக்குல. வீட்டுக் கூரைக்கு விழலும் பாய்க்குக் கோரையும் ஏரியில அறுத்தது. கோடையில ஏரி வத்தினா கெண்டை, கெளுத்தி, விரால்; மிஞ்சினது கருவாடு. அதே ஏரி வண்டல்தான் வயலுக்கு உரம். பனங்கிழங்குக்குக் கொட்டை பொறுக்கினது ஏரிக்கரைப் பனையில. பொன்னாங்கண்ணியும் கொடுப்பையும் வரப்புல. இது எதுக்கும் ஆயா யாருக்கும் காசு கொடுக்கலை. ஊர் கூடி வரத்துக்கால் தூர்வாரும்போது வீட்டுக்கு ஒரு ஆள் போகணும், அவ்வளவுதான் கட்டணம். நீங்க ஆயாவோட மூளையில தேடுற ரகசியம், பாதிக்கு மேல ஊர்ப்பொதுவுல கிடந்தது.

அந்தப் பொது என்னாச்சு? அம்பத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்க. முகப்பேர்ல ஏரி ஸ்கீம்னே ஒரு இடம் இருக்கு. பஸ்ல ஏறி டிக்கெட் கேட்டா கண்டக்டர் சிரிக்காம கொடுக்கிறார். ஏரியைக் கேட்டா யாருக்கும் தெரியாது. புறம்போக்குங்கிற வார்த்தையை மெட்ராஸ்ல திட்டுறதுக்கு வச்சிருக்கீங்க. 2017-ல டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்ல நின்னு அந்த வார்த்தையை வச்சே பாடினப்ப எல்லாரும் ஷேர் பண்ணீங்க. ஷேர் பண்ணவங்கள்ல எத்தனை பேர் வீடு பழைய வாய்க்கால் மேல நிக்குதுன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. 2015 டிசம்பர்ல தண்ணிக்கு மட்டும் தெரிஞ்சிது.

ஏரியை எடுத்துக்கிட்டு, அந்த ஏரியை வச்சிப் பிழைச்ச கிழவியோட கைப்பக்குவத்தை மட்டும் குறிப்பா எழுதிக் கொடுன்னு கேக்குறது என்ன நியாயம்? கடையில "பாட்டி" பேர் போட்ட பொடி பாக்கெட் வரிசையா தொங்குது. ஆயா அந்தப் பொடியை இடிக்க நாலு மணிக்கு எழுந்திருக்கும். எட்டுப் பிள்ளை பெத்து மூணை மண்ணுல வச்ச பொம்பளை அது. ஒண்ணு அம்மையில, ஒண்ணு வாந்திபேதியில, ஒண்ணு பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே. அந்தக் காலத்துல நோயே இல்லைன்னு என்கிட்ட யாரும் சொல்லாதீங்க. ஆயா திடமா இருந்துச்சுன்னா, செத்துப்போகாம தப்பிச்சவங்கள்ல அதுவும் ஒண்ணு, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாளை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நூறு வயசு தாண்டியும் காட்டுல வேலை செஞ்சவங்க, 2021-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க, 2024 செப்டம்பர்ல காலமானாங்க. அவங்க போட்டோவைப் போட்டு "இயற்கை உணவின் அற்புதம்"னு எழுதினீங்க. அவங்க கடை வச்சி மிச்சம் பிடிச்ச காசுல நிலம் வாங்கின பொம்பளைங்கிறதை எத்தனை பேர் எழுதினீங்க? எனக்கு அந்தச் செய்தியில கண்ணு நின்ன இடம் அதுதான். எங்க ஆயாவும் காசு சேத்துச்சு, நிலமும் வாங்கிச்சு. கடைசிவரைக்கும் அந்த நிலம் தன்னோடதுன்னு காட்ட அதுகிட்ட ஒரு காகிதம் இல்லை.

இனிமே எழுதப் போறது எங்க வீட்டு அசிங்கம்.

1987-ல, தாத்தா போய் ரெண்டு வருஷம் கழிச்சி, பிளாட் போடுறவங்க வந்தாங்க. முதல்ல கேட்டது மதகோரத்து 40 சென்ட்டைத்தான். பத்திரம் தாத்தா பேர்ல இருந்ததால ஆயாவும் ஒரு வாரிசு, கையெழுத்து வேணும்னு சொன்னாங்க. நைனாவும் சித்தப்பாவும் "பட்டா மாத்துறதுக்கு"ன்னு சொல்லி ஆயா கட்டைவிரல்ல மை தடவி ரேகை வாங்கினாங்க. அத்தைங்களுக்கும் அதே கதைதான். அத்தைங்க புகுந்த வீட்டுல இருந்து வந்து, ரேகை வச்சி, சாப்பிட்டுப் போனாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி, 1989-ல, மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அதுவும் இல்லைன்னு அதுலயே எழுதியிருந்துச்சு.

ஒரு நாள் எருமை ஓட்டிக்கிட்டுப் போன ஆயா, வயல்ல மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு நட்டிருக்கிறதைப் பார்த்துட்டு வந்து கேட்டுச்சு: "யார்ரா நம்ம கழனியில கல்லு நட்டது?" வீட்டுல அஞ்சு பேர் இருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நான் பிளஸ் டூ முடிச்சிட்டு உக்காந்திருந்தேன். வாசல்ல புது டிவிஎஸ் 50 நின்னுச்சு, எனக்கு வாங்கினது. ஆயா அதைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, உள்ள போயி பாலைக் காய்ச்ச ஆரம்பிச்சிடுச்சு.

மறுநாளும் எருமையை அங்கதான் ஓட்டிக்கிட்டுப் போச்சு. காம்பவுண்ட் சுவர் எழும்புற வரைக்கும், ஒரு வருஷத்துக்கு மேல, அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல மேய்ச்சிது. வாட்ச்மேன் திட்டுவான், காதுல வாங்காது.

இப்ப அங்க நாலு மாடி அடுக்கு வீடு. கீழ ஒரு கடையில சிறுதானியம் விக்கிறாங்க.

என்கிட்ட மிச்சம் இருக்கிறது 1 ஏக்கர் 10 சென்ட். கீரையும் கொஞ்சம் கனகாம்பரமும் போடுறேன். விதைச்சி, களையெடுத்து, கட்டு கட்டி, விடியக்காலையில பூந்தமல்லிக்கு அனுப்புற வேலையில பாதிக்கு மேல என் பொண்டாட்டி செய்யிறா. ஆனா 2019-ல பிரதமர் கிசான் பணம் வந்தப்ப விவசாயின்னு பதிவானது நான். பட்டா என் பேர்ல இருக்கே. வருஷம் 6,000 ரூபா என் கணக்குல விழுது, அவ அதை வாங்கி உரம் வாங்குறா.

வாரத்துக்கு ரெண்டு புரோக்கர் வர்றான். என் மச்சான் "வித்துட்டு நிம்மதியா இரேன்"னு சொல்றான். ஆயாவுக்குச் செஞ்சதை என்னால திருப்ப முடியாது. போன மாசம் பாதி நிலத்தை அவ பேருக்கு செட்டில்மென்ட் எழுதினேன். பத்திரம் எழுதுறவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "வீட்டுல ஏதாவது சண்டையா?"ன்னு கேட்டார். கையெழுத்து போட வேண்டிய நேரத்துல என் பொண்டாட்டி பேனாவைக் கீழ வச்சிட்டு, முதல் பக்கத்துல இருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா. பின்னாடி ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, அவர் அவசரப்படுத்துறார். அவ நிமிர்ந்தே பாக்கலை. நாலெல்லை எழுதியிருந்த இடத்துல ஒரு தப்பு கண்டுபிடிச்சா. வடக்கே வாய்க்கால்னு இருக்கணும், பாதைன்னு போட்டிருந்தாங்க. திருத்தி வாங்கினதுக்கு அப்புறம்தான் கையெழுத்து போட்டா.