ஊர்தியும் உயிரும்

தில்லிக்கு வந்து படிக்கும் தமிழ் மாணவர் பலருக்குப் பொங்கலன்று ஊரில் இருக்கும் பேறு கிட்டுவதில்லை. இங்கிருந்து சென்னை சேர ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள். திரும்ப ஒன்றரை நாள். விடுமுறையோ சொற்பம். ஆகவே நால்வர் ஐவர் கூடிக் கொள்கிறார்கள். ஒரு கார் வாடகைக்கு வருகிறது. ஆக்ராவுக்கோ ஜெய்ப்பூருக்கோ முசௌரிக்கோ கிளம்பி விடுகிறார்கள். இதனைக் குறை கூற நான் எழுதவில்லை. நாலு ஊர் பார்ப்பது இளமையின் உரிமை. ஆனால் அந்தப் பயணத்தை நாம் நடத்துகிற விதம் இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். சங்க ஏட்டில் கவிதைக்கும் கதைக்கும் உரிய பக்கத்தில் டயரைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். பொங்கல் வாரத்தில் காரில் ஏறப் போகிறவர்கள் மட்டும் தயவு செய்து போக வேண்டாம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவருள் பெரும்பகுதியினர் வேகத்துக்கு இரையானவர்கள். இதே கணக்கில் இன்னொரு வரி உண்டு. சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இவர்களில் ஓட்டியவர்கள் 8,384, உடன் சென்றவர்கள் 8,331. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறையச் சரிபாதி! வண்டியைத் தொடாதவர்கள், பாட்டுக் கேட்டுக் கொண்டு வந்தவர்கள், தூங்கிக் கொண்டு வந்தவர்கள் அந்தச் சரிபாதிப் பேர்.

பின் இருக்கையில் பெல்ட் எதற்கு என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் மாண்ட போது அவர் பின் இருக்கையில்தான் இருந்தார், பெல்ட் அணிந்திருக்கவில்லை. விலை உயர்ந்த காரும் அவரைக் காக்கவில்லை. வண்டி சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பவன் உடல் நிற்பதில்லை. அது பழைய வேகத்திலேயே முன்னோக்கிப் பாய்கிறது. பின்னால் இருப்பவன் பாய்ந்தால் முன்னால் இருப்பவன் முதுகில்தான் போய் மோதுகிறான். தான் சாவதோடு நண்பனையும் கொல்கிறான். இன்று நாம் காண்கிற மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அந்தக் காப்புரிமையைப் பிற கம்பெனிகளும் தடையின்றிப் பயன்படுத்திக் கொள்ள வால்வோ திறந்து விட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓசியில் கிடைக்கிற உயிர்க்காப்பு! நாமோ அதைச் சீட் உறைக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறோம். தில்லி வாடகைக் கார்களில் பின் சீட்டின் பெல்ட் கொக்கியைத் தேடி எடுப்பது தொல்பொருள் ஆராய்ச்சிக்குச் சமம். கிளம்புவதற்கு முன்பே தோண்டி எடுத்து விடுங்கள். பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துகிறது என்று அதன் வாயை அடைக்க ஒரு போலிக் கொக்கி விற்றார்கள். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளிலிருந்து அதை அகற்றும்படி உத்தரவிட நேர்ந்தது. படித்தவர்கள் வாங்கிய பொருள்தான் அது.

இனி டயருக்கு வருவோம்.

நொய்டாவைத் தாண்டி ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனா விரைவுச்சாலை 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திறந்த நாளிலிருந்து அங்கே டயர் வெடிக்கிறது என்ற பேச்சும் தொடங்கியது. சிமெண்டுச் சாலை, அதனால்தான் வெடிக்கிறது என்று சாலையின் மேல் பழியைப் போட்டு விட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். சாலைக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் வெடிப்பின் வேர் பெரும்பாலும் நாம் கொண்டு போகிற டயரிலேயே இருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடிந்து விரிகிறது. மடிந்து விரியச் சூடு ஏறுகிறது. நகருக்குள் 40 கிலோமீட்டரில் போகும்போது அந்தச் சூடு ஆறிவிடும். இடைவிடாமல் இரண்டு மணி நேரம் 100 கிலோமீட்டரில் ஐந்து பேரையும் ஐந்து பேர் மூட்டைகளையும் சுமந்து ஓடினால் ஆறுவதற்கு நேரம் ஏது? ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப் போகிறது. பிறகுதான் வெடிப்பு.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டு சொல்லும். பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று இரண்டு மூன்று பேருக்கு, மற்றது முழுச் சுமைக்கு. நாம் போவது முழுச் சுமை என்பதை மறந்து பஞ்சர் கடைக்காரர் வழக்கமாக அடிக்கிற பவுண்டையே அடித்துக் கொண்டு போகிறோம். டயர் குளிர்ந்திருக்கும் போது, அதாவது வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாதிருக்கும் போது, அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடித் தெரியும். அதிகம் இருக்கிறதே என்று காற்றைத் திறந்து விடுவது பெரும் பிழை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு காற்றழுத்தம் குறையும். அக்டோபரில் சரியாக இருந்த டயர் தில்லியின் ஜனவரிக் காலையில் தானாகவே மூன்று நான்கு பவுண்டு இளைத்திருக்கும். பஞ்சர் இல்லை, கசிவு இல்லை, குளிர்தான் காரணம். நைட்ரஜன் அடித்திருக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு சொல்: நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் அளந்து பாருங்கள், அது போதும்.

டயரின் வயதும் டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கச் சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். மேலே பார்ப்பதற்குப் பூப்போட்டது போல் பட்டை புத்தம் புதிதாக இருந்தாலும் ரப்பர் உள்ளே முறுகியிருக்கலாம். பட்டையின் பள்ளங்களுக்கு அடியில் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு பட்டை சமமாகி விட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், அந்த டயரின் காலம் முடிந்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள். நடுவழியில் எடுத்துப் பார்த்து அதுவும் தட்டையாக இருக்கக் கண்டு சிரிப்பது கதையில் நன்றாக இருக்கும்.

மூடுபனியைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மார்கழிப் பனி என்றால் கோலமும் பஜனையும் நினைவுக்கு வரும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக் கொண்டால் தீர்ந்தது. இங்கே வடக்கில் டிசம்பரிலும் ஜனவரியிலும் இறங்குவது வேறு. கை நீட்டினால் விரல் தெரியாத நாட்கள் உண்டு. 2017 நவம்பர் 8-ஆம் நாள் இதே விரைவுச்சாலையில் புகைமூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மோதிக் கொண்டன. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவன் ஆபத்தைக் கண்டு, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து, வண்டி நிற்பதற்குள் நல்ல சாலையிலேயே ஏறக்குறைய 100 மீட்டர் கடந்து விடும். முன்னால் 30 மீட்டர் மட்டுமே தெரியும் போது 40 கிலோமீட்டரைத் தாண்டுகிறவன் கண்ணைக் கட்டிக் கொண்டு ஓட்டுகிறவன்தான்.

பனியில் பிரைட் விளக்குப் போட்டால் வெளிச்சம் முகத்திலேயே திரும்பி அடிக்கும்; டிம்தான் சரி. இடப்பக்க ஓரக் கோட்டைப் பிடித்துப் போக வேண்டும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை நம்பி ஒட்டிப் போனால் அது போகுமிடமெல்லாம் நீங்களும் போக நேரிடும், பள்ளத்துக்கும் சேர்த்து. ஓடிக் கொண்டிருக்கும் போதே நான்கு பக்கச் சைகை விளக்கையும் சிமிட்ட விடுவது இங்கே ஒரு வழக்கமாகி விட்டது. நின்ற வண்டி எது, ஓடுகிற வண்டி எது, திரும்பப் போகிறவன் எவன் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமல் போகிறது. கண்ணாடி உள்ளே வியர்த்தால் கையால் துடைக்காதீர்கள். குளிர்காலம் ஆயினும் ஏ.சி.யைப் போட்டு வெளிக்காற்றை உள்ளே விட்டால் அது ஈரத்தை உலர்த்தி விடும். வண்டி பழுதாகி நின்றால் சாலையை விட்டு முழுவதும் ஓரங்கட்டி, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். நின்ற காருக்குள் போர்த்திக் கொண்டு உட்கார்ந்திருப்பது தகாது. எஞ்சினை ஓட விட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக் கொண்டு அதற்குள் தூங்குவதோ அதனினும் கொடிது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இத்தனையும் தெரிந்தும் நாம் ஏன் இரவு 2 மணிக்கே கிளம்புகிறோம்? தாஜ்மகாலைச் சூரிய உதயத்தில் பார்க்க வேண்டுமாம்! ஜனவரியில் அந்த நேரத்தில் தாஜ்மகால் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பனிதான் இருக்கும். வெள்ளைப் பளிங்கை அதற்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் வந்த பின் கிளம்பினால் பகலில் பார்க்கலாம். 2016-இல் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு 100 நிமிடத்தில் போவதற்காக விடப்பட்டது. பனியில் அதுவும் தாமதமாகும். ஆகட்டுமே, உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இக்கால எஞ்சின்களில் கியரில் இறங்கும் போது, காலை எடுத்து விட்டால், பெட்ரோல் பாய்வதே நின்று விடுகிறது, நியூட்ரலில்தான் செலவாகிறது. ஆக மிச்சமும் இல்லை. பிரேக் மட்டுமே பாரம் முழுவதையும் தாங்கிச் சூடேறி, ஒரு வளைவில் கால் அமுங்கியும் வண்டி நில்லாமல் போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். வாடகை வண்டியை எடுக்கும் போதே பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே போய்க் கொண்டே இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வாடகை என்றதும் இன்னொன்று. சட்டப்படி வாடகைக்கு விடப்படும், நாமே ஓட்டும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த வண்டி. 'தெரிந்தவர் வண்டி, மலிவாகத் தருகிறார்' என்று அதை எடுத்துப் போய் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு விட்ட காரணத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய்க்காகத் தகப்பனார் நிலத்தை விற்கும்படி ஆகும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது வேறு. அது நம் தாட்சண்யம். ஓட்டுகிறவர் ஆராய்ச்சி மாணவர். பின்னால் இருப்பவன் முதலாண்டு. முள் 130-ஐத் தொடுகிறது. இவன் வயிறு கலங்குகிறது. "அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போகலாமே" என்று சொல்ல வாய் வருவதில்லை. துணிந்து சொல்லி விட்டாலோ, "பயமா இருந்தா இறங்கிக்கடா" என்ற கேலி. எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கிறவர்களில் இருவருக்கு உள்ளூர அதே பயம். தங்கைகள் அக்காமார் வண்டியில் வந்தாலும் இதே கதைதான். தேர்வு எழுதிவிட்டு இரண்டு இரவு கண் விழித்தவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார், கண் செருகுகிறது, 'தூக்கமா?' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். நெடும் பயணத்துக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் ஓட்டுநர் அருகில் பேச்சுத் துணைக்கு ஒருவரை உட்கார வைப்பார்கள். அந்த இடத்துக்கு உரியவன் தூங்கக் கூடாது. வேகத்தைச் சொல்லும் உரிமையும் அவனுக்கே.

இந்த உரிமையைச் சங்கமே கொடுக்கட்டும் என்பது என் யோசனை. சங்கத்தின் பெயரால் போகும் எந்தப் பயணத்திலும், ஒவ்வொரு வண்டியிலும் வயதில் இளையவர் ஒருவரை முன் இருக்கையில் அமர்த்துவோம். அவர் 'மெதுவாக' என்றால் மெதுவாக, 'நிறுத்துங்கள்' என்றால் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கலாகாது. மூத்தவர்களுக்கு இது கசக்கும் என்பதை அறிவேன். கசக்கட்டும். அவரிடமே 112 என்ற அவசர எண்ணும், நெடுஞ்சாலை உதவிக்கான 1033-உம் எழுதிய சீட்டு இருக்கட்டும். இரவு 10-க்கும் காலை 8-க்கும் இடையே டிசம்பர், ஜனவரியில் சங்க வண்டி எதுவும் புறப்படாது என்று செயற்குழு ஒரு தீர்மானம் போடட்டும். கூடவே டயர் காற்றை அளக்கும் கருவி ஒன்று வாங்கட்டும். சில நூறு ரூபாய்தான், பொங்கல் விழாவின் மாலைச் செலவில் அடங்கும். சங்க அறையில் கேரம் பலகை இருக்கும் அலமாரியில் இடம் இருக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது.