பலகை பேசுகின்றது, கேட்பார் யார்?

ஊர்தி ஓட்டக் கற்றவர் பலர். ஊர்தி சொல்வதைக் கேட்கக் கற்றவர் சிலர். ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் செவ்விளக்கொன்று எரிகின்றது. "அடுத்த ஊர் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் எண்ணுகின்றார். அடுத்த ஊர் வருமுன்னே பொறி இறுகி நின்றுவிடுகின்றது. கடன்பட்டு வாங்கிய ஊர்தி. பல்லாயிரம் உருவா பாழ். கேட்டால், "விளக்கு எரிந்தது, அஃது என்ன விளக்கென்று தெரியாது" என்பதே விடை. எச்சரிக்கை இல்லாமையால் வந்த கேடன்று இது. எச்சரிக்கை விளங்காமையால் வந்த கேடு.

அப்பலகைக்கு ஆங்கிலர் இட்ட பெயரே ஒரு பாடம். குதிரைவண்டி ஓடுகையில் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாவாறு முன்புறம் ஒரு பலகை தடுப்பாக நின்றது. சேறு மோதும் பலகையாதலின் அதனை 'டேசுபோர்டு' என்றனர். குதிரை போயிற்று, பொறி வந்தது, சேறு தடுத்த பலகை அளவிகளைத் தாங்கும் பலகையாயிற்று, பெயர் மட்டும் மாறவில்லை. அவர்கள் இதற்கெனக் கிரேக்கத்தையோ இலத்தீனையோ தேடிச் செல்லவில்லை. தம் தெருவில் வழங்கிய சொல்லையே கொண்டனர். அங்ஙனமிருக்க, தமிழர் 'முகப்புப் பலகை' என்று சொல்ல நாணுவானேன்?

முகப்புப் பலகையில் உள்ளவை இருவகைய. ஒன்று அளவி, மற்றொன்று விளக்கு. அளவி 'எவ்வளவு' என்று கூறும். விளக்கு 'எல்லை கடந்தது' என்று கூறும்.

அளவிகளுள் முதன்மையானது விரைவுமானி. செருமானியராகிய ஓட்டோ சூல்ட்சே 1902 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பே நெடுங்காலம் வழங்கியது. உருளியின் சுழற்சி ஒரு முறுக்குக் கம்பி வழியாக வந்து காந்தமொன்றைச் சுழற்றும். அக்காந்தம், தன்னைத் தொடாது சூழ்ந்துள்ள மாழைக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி, அதனைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் எதிர்த்து நிற்கும். இழுப்பும் எதிர்ப்பும் ஈடாகும் இடத்தில் முள் நிற்கும். இற்றை ஊர்திகளில் உணரி எழுப்பும் மின்துடிப்புகளைக் கணிப்பொறி எண்ணி விரைவைக் காட்டுகின்றது.

எரிநெய்மானியின் அடிப்படை ஒரு மிதவையே. எரிநெய்யின் மட்டத்தோடு மிதவையின் கை ஏறியிறங்க, மின்தடை மாறும். முள் அதற்கேற்ப நகரும். வெப்பமானியோ பொறியைச் சுற்றியோடும் குளிர்நீரின் சூட்டைக் காட்டும். பல ஊர்திகளில் இம்முள், சூடு சற்றே ஏறினும் இறங்கினும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆதலின், அது நடுவைக் கடந்து மேலேறத் தொடங்கின், காலந்தாழ்த்தாது ஊர்தியை நிறுத்துதல் வேண்டும். சூடு தணியுமுன் குளிர்நீர்க் கலத்தின் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

விளக்குகளுள் பெரிதும் பிழையாக உணரப்படுவது உயவெண்ணெய் விளக்கு. மூக்குடைய எண்ணெய்க் கிண்டியின் வடிவில் செந்நிறத்தில் அது தோன்றும். எண்ணெய் குறைந்துவிட்டது, பிறகு ஊற்றிக்கொள்ளலாம் என்றே பலர் கருதுகின்றனர். அது காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அழுத்தத்தை. பொறி நிற்கையில் அழுத்தமின்மையால் மின்தொடர்பு மூடியிருக்கும், விளக்கெரியும். பொறி ஓடத் தொடங்கியதும் எண்ணெயின் அழுத்தம் ஒரு மென்தகட்டைத் தள்ளித் தொடர்பைப் பிரிக்கும், விளக்கணையும். ஓடும் பொறியில் அது மீண்டும் எரியுமாயின், தேயும் உறுப்புகளுக்கிடையே எண்ணெய்ப் படலம் நில்லாதொழிகின்றது என்பது பொருள். மாழையோடு மாழை உராய்ந்து பற்றிக்கொள்ளச் சில நிமையங்களே போதும். ஆதலின், அவ்விளக்கு 'பிறகு பார்' என்று கூறவில்லை; 'உடனே நிறுத்து' என்றே கூறுகின்றது.

மின்கல விளக்கின் நுட்பம் இன்னும் அழகியது. பழைய அமைப்பில் அது மின்கலத்திற்கும் மின்னாக்கிக்கும் இடையே நிற்கும். இருபுறமும் மின்னழுத்தம் ஒத்திருந்தால் அதனூடே மின் பாயாது; விளக்கு எரியாது. மின்னாக்கி சோர்ந்தால் ஒருபுறம் தாழும், விளக்கு எரியும். ஒருபுறத் தாழ்வை மறுபுறம் ஒளியாக அறிவிக்கும் அமைப்பு இது.

நிறங்களுக்கும் பொருளுண்டு. செம்மை, நிறுத்து என்பது. மஞ்சள், விரைவில் கவனி என்பது. பச்சையும் நீலமும், இன்னது இயங்குகின்றது என்று அறிவிப்பவை. திறவுகோலைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் சிறிது நேரம் ஒளிர்வது அவை நன்னிலையில் உள்ளனவா என்று காட்டுதற்கே. அப்பொழுது எரியாத விளக்கு, இடர் வருங்காலும் எரியாது. பழைய ஊர்தியை விற்போருள் சிலர் குறையை மறைக்க விளக்கையே கழற்றிவிடுவதும் உண்டு. வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது இதுவே.

"குறிகள் உலகப் பொதுவாயின; மொழி எதற்கு?" என்பார் உளர். உலகத் தரப்பாட்டு அமைப்பின் 2575 ஆம் தரம் இக்குறிகளை வகுத்துள்ளமை உண்மையே. ஆயின் குறி தன் பொருளைத் தானே சொல்லாது. யாரேனும் ஒருவர் ஒரு மொழியில் சொல்லித் தரவே வேண்டும். கிண்டியைக் கண்டு அழுத்தம் என்று உணர்பவர் யார்? விளக்கம் தரும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உறையும் பிரியாது கிடக்கின்றது. புதிய ஊர்திகள் பலவற்றில் குறியோடு நில்லாது ஆங்கிலத் தொடரும் திரையில் ஓடுகின்றது. படிக்கவியலாத எச்சரிக்கையும் எரியாத விளக்கும் ஒன்றே.

ஆகவே, செய்யத்தக்கவை மூன்று. தமிழ்நாட்டில் ஊர்தி விற்கும் நிறுவனங்கள் தமிழ்க் கையேடு தருதல் வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சாலைக் குறிகளோடு பலகைக் குறிகளையும் தமிழில் கற்பித்தல் வேண்டும். உரிமம் வழங்குவோர் அவற்றையும் தேர்வில் வினவுதல் வேண்டும். அதுவரை, ஊர்தியுடையார் ஒவ்வொருவரும் தம் ஊர்தியின் செவ்விளக்குகள் எவை, அவற்றின் பொருள் யாது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணிற் படுமாறு ஒட்டிவைக்கலாம். அதற்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு நாழிகையும் போதும்.